துணைக்கு யாருமில்லாமல் ஓர் அந்நிய நகரத்தில் நான்கு நாட்கள்

அலுவல் நிமித்தமாக ஒரு வெளிநாட்டு நகரத்துக்குச் செல்லவிருப்பதாகவும், வேலை முடிந்தபின் நான்கு நாட்கள் அங்கேயே தங்கிச் சுற்றிப் பார்க்க வாய்ப்பு கிடைத்திருப்பதாகவும், ஆனால் பார்த்ததைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது அதில் என்ன இன்பம் இருக்க முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்கு விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். வழிகாட்டி நூல்களும் இருக்கின்றன. உங்களை உறுத்துவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. பகிர ஆளில்லாத மகிழ்ச்சி மகிழ்ச்சிதானா, தனியாகச் செல்பவர் மற்றவர்களுக்குக் கிடைப்பதில் பாதியைத்தான் பெற்றுத் திரும்புகிறாரா என்பதே நீங்கள் கேட்க வந்தது. அதற்கு விடை எழுத முயல்கிறேன்.

நான் நகரமைப்பு படித்தவன். தொழிலுக்காகவும் சொந்த விருப்பத்தாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அயல்நாட்டு நகரங்களில் நடந்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் தனியாகவே நடந்தேன். ஆகவே நான் சொல்வதில் இரண்டு சாய்வுகள் இருக்கும். தெருவையும் சுவரையும் படிக்கட்டையும் உற்றுப் பார்ப்பதில் எனக்குப் பயிற்சியும் ருசியும் உண்டு. இசைக்காகவோ விளையாட்டுக்காகவோ பயணம் செய்பவர் இதே கேள்விக்கு வேறு விதமாக விடை சொல்லக்கூடும். இன்னொன்று, நீண்ட தூரம் நடக்க முடிகிற உடல்நிலை கொண்ட ஓர் ஆணின் அனுபவம் இது. இந்த இரண்டையும் மனத்தில் கொண்டே மற்றவற்றைப் படியுங்கள்.

முதலில் உங்கள் ஐயத்தில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேர்ந்து அனுபவிக்கும்போது இன்பம் கூடுகிறது என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. 2014இல் எரிக்கா பூத்பியும் யேல் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் அதே சாக்லேட்டைச் சுவைக்கிறார் என்று அறிந்தவர்களுக்கு, அவருடன் ஒரு வார்த்தைகூடப் பேசாத நிலையிலும், அது கூடுதலாக ருசித்தது. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியை நாம் மறந்துவிடக் கூடாது. வாய்க்குப் பிடிக்காத கசப்புச் சாக்லேட்டைக் கொடுத்தபோது, சேர்ந்து சுவைத்தவர்களுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. துணை என்பது உணர்வின் குரலை உயர்த்துகிறது. நல்லதானாலும் சரி, அல்லாததானாலும் சரி. காலில் கொப்புளத்தோடும் முகத்தில் அலுப்போடும் வருகிற நண்பருடன் ஓர் அருங்காட்சியகத்தில் அரைநாள் கழித்தவர்களுக்கு இந்த மறுபாதியை விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னோர் ஆய்வு, 2015இல் ரெபெக்கா ராட்னரும் ரெபெக்கா ஹாமில்டனும் வெளியிட்டது. தனியாகச் சென்றால் இன்பம் குறைந்துவிடும் என்று மக்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள், அதனால் வாய்ப்பையே தவிர்க்கிறார்கள் என்று கண்ட அவர்கள், சிலரை உண்மையிலேயே ஓர் ஓவியக்கூடத்துக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். தனியாகப் போனவர்களும் துணையோடு போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மகிழ்ந்திருந்தார்கள். கணிப்புதான் தவறியது. ஆனால் இரண்டு ஆய்வுகளும் சில நிமிட அனுபவங்களை அளந்தவை. மொழி தெரியாத நகரத்தில் நான்கு நாட்கள் கழிப்பதற்கு இவற்றை நேராகப் பொருத்துவது நேர்மையாகாது. புறப்படுமுன் உங்கள் மனம் தருகிற முன்னறிவிப்பை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை என்ற அளவுக்கு மட்டும் இவற்றை நம்பிப் பயன்படுத்தலாம். இதற்கு மேல் நான் சொல்வதெல்லாம் நடந்து பெற்ற அனுபவம்.

தனியாகச் சுற்றுவதன் முதல் இன்பம் நிற்பதில் இருக்கிறது. லிஸ்பன் நகரின் அல்ஃபாமா பகுதியில், படிகளாகவே ஏறிச் செல்லும் ஒரு சந்தின் நடுவில், ஒரு வீட்டின் முகப்பில் பதித்திருந்த நீல ஓடுகளின் முன் நான் அரைமணி நேரத்துக்கும் மேலாக நின்றிருக்கிறேன். அசுலேஷு என்று அவர்கள் அழைக்கும் அந்த மெருகிட்ட சுவர் ஓடுகள் அந்நகரம் முழுவதும் உண்டு. புகழ்பெற்ற சுவர்களும் உண்டு. இது புகழ்பெற்ற சுவர் அல்ல. கைக்கெட்டும் உயரத்தில் ஏழெட்டு ஓடுகள் உதிர்ந்துபோன இடத்தில், வேறு ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்த ஓடுகளை வைத்து அடைத்திருந்தார்கள். நிறம் கிட்டத்தட்டப் பொருந்தியது, வேலைப்பாடு பொருந்தவில்லை. ஒரு பூவின் பாதி இதழ் ஓர் ஓட்டின் ஓரத்தில் முடிய, பக்கத்து ஓட்டில் அது ஒரு கொடியின் வளைவாகத் தொடர்ந்தது. ஒட்டுப் போட்டவர் சும்மா அடைத்துவிட்டுப் போகவில்லை. நான்கு ஓடுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, கோடுகள் எங்காவது சந்திக்கும்படி அமைக்க முயன்றிருக்கிறார் என்பது, நின்று பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. மேலே கயிற்றில் உலர்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்பின் நிழல் சுவர்மேல் அசைந்தபோதெல்லாம், பழைய ஓடுகள் மின்ன, ஒட்டுப் போட்ட இடம் மட்டும் மங்கிக் கிடந்தது.

என்னுடன் ஒருவர் வந்திருந்தால், அவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும், ஐந்தாவது நிமிடத்தில் நானே நகர்ந்திருப்பேன். அவர் காத்திருக்கிறார் என்ற நினைவு பார்வையைக் கலைத்துவிடும். அல்லது நான் ஏன் நிற்கிறேன் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லத் தொடங்குவேன், சொல்லத் தொடங்கிய கணத்திலேயே பார்ப்பது நின்றுவிடும். இருவர் நடக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிறு பேச்சுவார்த்தை நடக்கிறது: இப்படிப் போகலாமா, அப்படிப் போகலாமா, பசிக்கிறதா, களைப்பா, இது போதுமா. அன்பினால் நடக்கும் பேச்சுவார்த்தைதான் அது. ஆயினும் நாளின் முடிவில் இருவருமே தங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்த நகரத்தைப் பார்க்காமல், இருவருக்கும் மறுப்பில்லாத ஒரு நகரத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். தனியாக இருப்பவருக்கு அந்தக் கணக்கு இல்லை. புகழ்பெற்ற கோபுரத்தை விட்டுவிட்டு அதன் எதிரில் இருக்கும் பழைய புத்தகக் கடையில் பொழுதைக் கழித்தாலும் அவர் யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது இன்பம், நகரத்தைத் தானே படித்தறிவது. அந்தச் சந்திலிருந்து இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால், பைஷா என்னும் தாழ்நிலப் பகுதியில் தெருக்கள் நேராகிவிடுகின்றன. 1755 நவம்பர் 1ஆம் நாள் காலையில் வந்த நிலநடுக்கமும், தொடர்ந்த கடல்கோளும், பிறகு மூண்ட தீயும் அந்தத் தாழ்நிலத்தை அழித்துவிட்டன. அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபுவின் பொறுப்பில் அது கட்டம் கட்டமாகப் புதிதாக எழுப்பப்பட்டது. தங்கம், வெள்ளி, செருப்புத் தைப்போர் என்று தொழில்களைச் சொல்லும் பெயர்கள் அங்கே தெருக்களுக்கு இன்றும் இருக்கின்றன. குன்றின்மேல் இருந்த அல்ஃபாமா பெருமளவு தப்பியதால் அதன் வளைந்த சந்துகள் அப்படியே நின்றன. இதையெல்லாம் மாணவனாக இருந்தபோதே படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று நடந்தபோது கண்ணுக்கு முன் காதுதான் அதைக் கண்டுகொண்டது. சந்துக்குள் என் காலடி ஓசை சுவரிலிருந்து உடனே திரும்பி வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அது சட்டென்று நின்றுபோயிற்று. நிமிர்ந்து பார்த்தபோது அகலமான தெருவின் தொடக்கத்தில் நின்றிருந்தேன். யாராவது பேசிக்கொண்டு வந்திருந்தால் அந்த ஓசை அடங்கியது எனக்குத் தெரிந்திராது.

நகரங்களை மனிதர் மனத்தில் எப்படிப் பதித்துக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க நகரமைப்பாளர் கெவின் லிஞ்ச். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களில் வாழ்பவர்களிடம் பேசியும், தங்கள் நகரத்தை வரையச் சொல்லியும், 1960இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளங்கள் என்னும் ஐந்து கூறுகளைக் கொண்டே மனம் ஒரு நகரத்தைக் கட்டிக்கொள்கிறது என்றார். எங்கள் துறையில் இது பாலபாடம். லிஞ்ச் ஆராய்ந்தது அங்கேயே வாழ்பவர்களை. வழிப்போக்கருக்கு இதை நீட்டுவது என் துணிபு. ஆனால் எத்தனையோ நகரங்களில் என் மனத்துக்குள் இது நடப்பதைக் கவனித்திருக்கிறேன். முதல் நாள் தங்குமிடமும் நிலையமும் மட்டுமே இரண்டு தனித்தீவுகளாக இருக்கும். இரண்டாம் நாள் ஒரு பாலம் அல்லது ஒரு மணிக்கூண்டு இடையில் முளைக்கும். மூன்றாம் நாள், முற்றிலும் வேறு வழியாக வந்து, எதிர்பாராத ஒரு மூலையைத் திரும்பும்போது, ஏற்கெனவே தெரிந்த ஒரு சதுக்கத்தின் பின்பக்கத்தில் வந்து நிற்பீர்கள். தனித்தனியாக இருந்த இரண்டு துண்டுகள் அந்தக் கணத்தில் தைத்துக்கொள்ளும். நான் அறிந்த பயண இன்பங்களில் இதற்கு ஈடானவை மிகக் குறைவு. வழி தெரிந்த ஒருவர் பின்னால் நடப்பவருக்கு இது வாய்ப்பது அரிது, ஏனென்றால் தையல் வேலையை முன்னால் போகிறவர் செய்துகொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு நகரத்துக்கும் தன்னை எண்ணிக்கொள்ளும் ஒரு முறை உண்டு. அதைக் கண்டுபிடிப்பது தனியாகச் செல்பவருக்குப் பயனும் விளையாட்டும் ஆகும். பாரிஸில் 1805 முதல் வீட்டு எண்கள் செய்ன் ஆற்றைச் சார்ந்து ஓடுகின்றன. தெரு ஆற்றைவிட்டு விலகிச் செல்வதானால் எண்கள் ஆற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கும். ஆற்றோடு ஒட்டிச் செல்வதானால் நீர் ஓடும் திசையிலேயே ஏறும். இதைத் தெரிந்துகொண்டவர் ஒரு முன்கதவின் எண்ணையும் அடுத்த கதவின் எண்ணையும் பார்த்தே ஆறு எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம். வெனிஸில் தெருவுக்கு எண் கிடையாது என்றே சொல்லலாம். ஆறு வட்டாரங்களாகப் பிரிந்த அந்நகரில், எண்கள் ஒரு வட்டாரம் முழுவதற்கும் தொடர்ச்சியாக ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அங்கே எண்ணை நம்பி நடப்பதைவிட, ரியால்தோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் வழி காட்டிச் சுவர்களில் எழுதியிருக்கும் அம்புகளைப் பார்த்து, வேண்டுமென்றே எதிர்த்திசையில் போவது நல்லது. சந்து வளைந்து வளைந்து போய்க் கடைசியில் படிகளோடு நீரில் இறங்கி முடியும். திரும்பி வர வேண்டியதுதான். அப்படி மூன்று முறை திரும்பினால்தான் அது எத்தகைய நகரம் என்பது உடலுக்குப் புரிகிறது.

டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. முகவரி என்பது வட்டாரம், அதனுள் பகுதி, அதனுள் தொகுதி, அதனுள் கட்டடம் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வருவது. அங்கே ஒரு மாலையில் ஒரு சிறிய அச்சுக்கலைக் காட்சியகத்தைத் தேடிச் சலித்துப்போய், கோபான் எனப்படும் தெருமுனைக் காவல் சாவடியில் என் கைத்தாளைக் காட்டினேன். உள்ளே இருந்த காவலர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தின் அருகே போனார். தாளில் இருந்த முதல் எண்ணைப் பார்த்து ஒரு நிறப் பகுதியின்மேல் விரலை வைத்தார். இரண்டாம் எண்ணைப் பார்த்து விரலை ஒரு கட்டத்துக்குள் நகர்த்தினார். மூன்றாம் எண்ணைப் பார்த்து ஒரு சிறு செவ்வகத்தில் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனால் அந்த ஒரு விரல் நகர்ந்த விதத்தில் அந்நகரின் முகவரி முறை முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். விரல் இருந்தாலும் போகலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். பிறகு அவர் வாசல் வரை வந்து, இரண்டாவது விளக்குக் கம்பத்தைக் காட்டி, கையை இடப்பக்கம் வளைத்தார்.

இங்கே கைபேசி வரைபடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2008இல் ஜப்பானில் டோரு இஷிகாவாவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கைக்கருவி வழிகாட்ட நடந்தவர்கள், ஒருமுறை நேரில் வழிகாட்டப்பட்டுப் பிறகு தாமாக நடந்தவர்களைவிட அதிக தூரம் நடந்தார்கள். வழியைப் பின்னர் வரையச் சொன்னபோது அவர்கள் வரைந்தவை தரத்திலும் குறைந்திருந்தன. கருவிகள் அதற்குப் பின் எவ்வளவோ மாறிவிட்டன என்பதால் தூரத்தைப் பற்றிய முடிவை இன்றைக்கு அப்படியே ஏற்கத் தயங்குவேன். ஆனால் நீலப்புள்ளியைப் பின்தொடர்ந்து நடந்த தெரு நினைவில் தங்குவதில்லை என்பது என் அனுபவத்தோடு முற்றிலும் ஒத்துப்போகிறது. ஆகவே நான் செய்வது இது: காலையில் தங்குமிடத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பத்து நிமிடம் பார்ப்பேன், ஆறு அல்லது கடற்கரை, ஒரு பெரிய நெடுஞ்சாலை, ஓர் உயரமான கட்டடம் என்று மூன்று பெரிய குறிகளை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்வேன், பிறகு கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கால் போன போக்கில் நடப்பேன். இணையம் இல்லாமலும் இயங்கும்படி வரைபடத்தை முன்னதாகவே தரவிறக்கி வைத்திருப்பேன். உண்மையிலேயே தேவைப்படும்போது அதை எடுப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு சொன்னபின், முதல் மாலையைப் பற்றி உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தனியாகச் சென்ற ஒவ்வொரு நகரத்திலும் முதல் நாள் மாலை எனக்குக் கடினமாகவே இருந்திருக்கிறது. விளக்குகள் ஏற்றப்படும் நேரம், வேலை முடிந்து எல்லோரும் எங்கேயோ வேகமாகப் போகும் நேரம், அவரவருக்கு ஒரு வீடு இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும் நேரம் அது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றும். முதல் பயணத்தில் நான் அப்படித்தான் செய்தேன். ஒன்றல்ல, இரண்டு மாலைகள் அப்படிப் போயின. அந்த இரண்டு மாலைகளுக்காக இன்றும் வருந்துகிறேன். இந்தத் தனிமையுணர்வு எல்லோருக்கும் தணியும் என்று நான் உறுதி கூற முடியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளுக்குள் தணிந்திருக்கிறது. தணிவதற்கு உதவியது எதுவென்று யோசித்தால், ஒரே இடத்துக்கு மீண்டும் போனதுதான். தங்குமிடத்துக்கு அருகில் ஒரு காப்பிக் கடையையோ பூங்கா இருக்கையையோ தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். மூன்றாம் முறை போகும்போது கடைக்காரர் லேசாகத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு எவ்வளவு பெரியது என்பது தனியாக இருப்பவருக்கே தெரியும்.

தனியாக மேசையில் அமர்ந்து சாப்பிடும் கூச்சம் பலருக்கு உண்டு. எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று தோன்றும், பார்ப்பதில்லை. தெருவைப் பார்த்த இருக்கையாகவோ சமையலறையை ஒட்டிய நீண்ட பலகையாகவோ தேர்ந்தெடுத்தால் கண்ணுக்கு வேலை கிடைக்கும், கூச்சம் போய்விடும். இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

அந்நியரிடம் பேசுவது அதைவிடச் சுவையான விஷயம். 2014இல் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில்களில் நடத்திய ஆய்வில், பக்கத்து இருக்கைக்காரரோடு பேசும்படி சொல்லப்பட்டவர்கள், பேசாமல் தனியாக இருக்கும்படி சொல்லப்பட்டவர்களைவிட இனிமையான பயணம் அமைந்ததாகச் சொன்னார்கள். முன்கூட்டிக் கேட்டபோதோ மக்கள் இதற்கு நேர்மாறாகவே எதிர்பார்த்திருந்தார்கள். ஒரே மொழி பேசுபவர்கள் நிறைந்த ஊரில் கண்ட முடிவு இது. மொழி தெரியாத இடத்தில் இது எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு என்னிடம் இருப்பது சொந்த அனுபவம் மட்டுமே. இஸ்தான்புலில் எமினோனுவிலிருந்து கடிக்கோய்க்குப் போகும் படகில், ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு ஏறக்குறைய இருபது நிமிடத்தில் கொண்டுசேர்க்கும் அந்தப் பயணத்தில், வெளித்தட்டில் என் பக்கத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். கடற்காக்கைகள் படகோடு கூடவே பறந்து வந்தன. அவர் தம் ரொட்டி வளையத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, எறியாமல், விரல் நுனியில் பிடித்துக் கையை நீட்டி வைத்துக் காத்திருந்தார். பறவை வந்து கவ்விக்கொண்டு போனது. அடுத்த துண்டை என் உள்ளங்கையில் வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்திவிட்டார். கரை வரும் வரை இதுவே நடந்தது. ஜோடியாகவோ கூட்டமாகவோ இருப்பவர்களின் பேச்சுக்குள் புகுந்து இப்படிச் செய்ய ஒருவர் தயங்குவார். தனியாக இருப்பவரைச் சுற்றி அந்த வேலி இல்லை.

அந்த வேலி இல்லாததுதான் ஆபத்துக்கும் வழி என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த விடை பொறுப்பற்றதாகிவிடும். பகலில் சென்று சேரும்படி பயணத்தை அமையுங்கள். அந்நிய நகரத்தை முதன்முதலாக நள்ளிரவில் சந்திப்பது வேண்டாம். தங்குமிடத்தின் பெயரையும் முகவரியையும் உள்ளூர் எழுத்திலேயே எழுதிய ஒரு தாள் சட்டைப் பையில் இருக்கட்டும். கடவுச்சீட்டின் நகல், ஒரு வங்கி அட்டை, கொஞ்சம் பணம் ஆகியவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் இன்ன நேரத்தில் செய்தி அனுப்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள். அவசர எண்ணை முன்கூட்டியே மனப்பாடம் செய்யுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் 112, ஜப்பானில் காவலுக்கு 110, தீயணைப்புக்கும் மருத்துவ ஊர்திக்கும் 119. மிகுந்த நட்போடு தாமாக வந்து ஒட்டிக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட கடைக்கோ மதுக்கூடத்துக்கோ அழைத்துச் செல்ல அவசரப்படுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். உண்மையான நட்புக்கு அந்த அவசரம் இருக்காது.

நீங்கள் பெண்ணா ஆணா என்பதை எழுதவில்லை. பெண்ணாக இருந்தால், கால் போன போக்கில் நடக்கும்படி நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பகுதி, எந்த நேரம் என்பது நகரத்துக்கு நகரம் மாறும். எனக்கு அமைதியாகத் தெரிந்த ஒரு தெரு, அதே நேரத்தில் நடக்கும் பெண்ணுக்கு வேறாக இருக்கலாம். தனியாகவே பல நாடுகளைச் சுற்றும் பெண் சகாக்கள் எனக்கு உண்டு. அவர்கள் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்லும் பழக்கம் ஒன்று: நீண்ட அலைச்சலைக் காலைப் பொழுதுக்கு வைத்துக்கொண்டு, இருட்டியபின் ஆள்நடமாட்டமுள்ள, ஏற்கெனவே பகலில் நடந்து பார்த்த தெருக்களோடு நிறுத்திக்கொள்வது. மனம் ஒப்பாத இடத்திலிருந்து காரணம் தேடாமல் உடனே கிளம்பிவிடுவதும் அவர்களிடம் நான் கற்றதுதான்; அதை இப்போது நானும் செய்கிறேன்.

பகிர்வதைப் பற்றிய உங்கள் கவலைக்கு மீண்டும் வருகிறேன். பகிர்வது அங்கேயே, அப்போதே நடக்க வேண்டும் என்பதில்லை. பலர் அந்தக் குறையைப் புகைப்படங்களால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். இது பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. 2014இல் லிண்டா ஹெங்கல், அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருட்களை மக்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று கண்டார். ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. படமெடுப்பது அனுபவத்தின் இன்பத்தைக் கூட்டலாம் என்று காட்டிய பிற்கால ஆய்வுகளும் உண்டு. நான் பெரும்பாலும் எழுதுகிறேன். மாலையில் ஒரே ஒருவரை நினைத்துக்கொண்டு, அன்று கண்டவற்றில் ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்வதுபோல் ஒரு பக்கம் எழுதுவேன். ஊர் திரும்பியபின் அதை அவரிடம் கொடுப்பேன். ஓட்டுச் சுவரைப் பற்றி என் சகோதரிக்கு எழுதிய பக்கம் அப்படிப்பட்டது. அவள் அதைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, ஒட்டுப் போட்டவருக்கு ஏன் அதே ஓடு கிடைக்கவில்லை என்பது. அந்தக் கேள்வி அங்கே நின்றபோது எனக்குத் தோன்றவே இல்லை. ஆக, பகிர்வின் இன்பம் எனக்குப் போய்விடவில்லை. கொஞ்சம் தாமதமாக, வேறு உருவில் வந்து சேர்ந்தது.

உங்கள் நான்கு நாட்களுக்கு நான் திட்டம் போட்டுத் தர மாட்டேன். ஓர் அமைப்பை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் எதையும் பார்க்க முயலாமல், தங்குமிடத்தைச் சுற்றி அரைமணி நடைக்குள் இருக்கும் தெருக்களை மட்டும் நடந்து பழகிக்கொள்ளுங்கள். டிராமோ படகோ உள்ளூர் ரயிலோ, ஒரு பாதையில் தொடக்கத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை ஒருமுறை போய் வாருங்கள். சுற்றுலாப் பயணிகள் இறங்கிவிட்டபின் வண்டியில் மிஞ்சுபவர்களின் நகரம் அப்போது தெரியும். நாளுக்கு ஒரே ஒரு பெரிய இடம் போதும், அதுவும் முற்பகலில். நடுவில் ஒரு நாளை முழுவதும் வெறுமையாக விடுங்கள். கடைசி நாள் காலையில், முதல் நாள் மாலை எந்தத் தெருமுனையில் வழி தெரியாமல் தயங்கி நின்றீர்களோ அந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். கைபேசியை எடுக்காமல், நிலையம் எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், தினமும் உட்கார்ந்த கடை எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டிப் பாருங்கள். விமானத்துக்கு வேண்டிய நேரத்தை மட்டும் முன்னதாகக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த முனையில் நான் எப்போதும் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிடுகிறேன்.